கொசுறுக்கு ஒரு கட்டம்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிர்வரிசையில்
எங்கள் காய்கறிக் கடை.
ராத்திரி ஒன்பதரைக்கு, கடைசி லாரி தார்ப்பாய் கட்டும் நேரம்,
இருப்பு உதைக்கும்.
எண்ணூறு கிராம் பச்சை மிளகாய்.
பதினோரு கட்டு கொத்தமல்லி.
ஒரு தேங்காய்.
தேங்காய் எனக்குத் தெரியாது, சித்தப்பாவைக் கேட்க வேண்டும்.
மென்பொருள் கறாரானது.
குறைந்ததையெல்லாம் சேதாரம் என்று எழுதிவிட்டு
நாளை முடித்துக்கொள்ளும்.

யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து
கூலி வாங்காமல் கட்டியது அது.
மூலநிரல் திறந்தே கிடக்கிறது,
யாரும் உள்ளே போய் ஓர் ஆணி அடிக்கலாம்.
அந்தத் தைரியத்தில் எழுதினேன்:

விற்பனைப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்.
பேரம் பேசி, எடை பார்த்து, காசும் எண்ணிக் கொடுத்த பிறகு
பையின் வாயை மூடாமல் நிற்பார் கெம்பம்மா.
அந்த வாய்க்குள் விழுவதைக் குறிக்க.

ஜெர்மனியிலிருந்து வோல்கர் கேட்டார்: தள்ளுபடியா?
இல்லை. தள்ளுபடியில் விலை இறங்கும்.
இதில் விலை அசையாது, கை மட்டும் அசையும்.
அப்படியானால் பூஜ்ய விலையில் ஒரு வரி சேர்க்கலாமே?

சேர்த்துப் பார்த்தேன்.
"கொத்தமல்லி 0.00" என்று சீட்டில் அச்சாகி வந்தது.
கெம்பம்மா முகம் சுண்டிப்போனது.
"இதைக்கூடவா எழுதி வெச்சிக்கிறே?"
அன்றைக்குக் கொத்தமல்லியைத்
தராசு மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

திருத்தி எழுதினேன்:
கணக்கில் இருக்க வேண்டும், சீட்டில் தெரியக் கூடாது.
அலகு, பிடி.
ஒரு பிடி எத்தனை கிராம் என்று கேட்காதீர்கள்,
மழை நாளில் அது வேறு.

பன்னிரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு ஒரு பராமரிப்பாளர், மரியாதையாகத்தான்:
உங்கள் ஊர் வழக்கத்துக்காக
எல்லோர் திரையிலும் ஒரு கட்டத்தைச் சுமத்த முடியுமா?
எது என் ஊர்?
இந்த மண்டியில் தெலுங்கில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும்
ஏறக்குறைய இதே சொல்தான் என்று எழுதி,
அனுப்பாமல் அழித்தேன். கோபமாகத் தெரிந்தது.

மறுநாள் பெரு நாட்டிலிருந்து மரிசோல்:
"எங்கள் சந்தையில் இதன் பெயர் யாப்பா.
எங்களுக்கும் ராத்திரியில் கணக்கு இடிக்கிறது.
கட்டத்தை விருப்பத்தேர்வாக வைக்கலாம்,
நான் கூட நிற்கிறேன்."
யப்பா, என்றேன் வாய்விட்டு.
சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

நிரலை எழுத மூன்று ஞாயிறு ஆனது.
சோதனை ஓட்டினேன். சிவப்பில் வந்து நின்றது:
எதிர்பார்த்தது 12. கிடைத்தது 13.

பிழை என்று அது காட்டிய இடத்தில்
கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொசுறு என்றால் என்ன,
ஆவணத்தில் ஒரே வரியில் விளக்கம் தேவை
என்று வோல்கர் கேட்டிருந்தார்.
அந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டினேன்.

அந்தத் தேங்காய் மட்டும் இன்னும் சேதாரத்திலேயே இருக்கிறது.