இதரச் செலவுகள்

மார்ச் இருபத்திரண்டு. பீன்யா இரண்டாம் கட்டம்.
கணக்கு மூட இன்னும் ஒன்பது நாள்.
லாபத்தில் இரண்டு சதவீதம்
எந்த நல்லதும் செய்யாமல்
வங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் பம்பு செய்கிறவர்கள்.
வயலுக்கு, ஆழ்துளைக்கு, பதினெட்டாம் மாடிக்குத்
தண்ணீரை மேலே தள்ளுகிறவர்கள்.
நான் பில் போடுகிறவள்.

தீரஜ் சார் சொன்னார்:
"போன வருஷம் கட்டின கழிப்பறைக்கு
ஒரு கையெழுத்து பாக்கி. வாங்கிட்டு வந்திடுங்க.
அப்படியே நானூறு டி-ஷர்ட்டுக்கு ஆர்டர்.
ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி நடக்கிறோம்."

தாசரஹள்ளி தாண்டி
லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளின் முதுகில்
அரசுப் பள்ளி.
கழிப்பறைச் சுவரில் கறுப்புக் கிரானைட்,
அதில் எங்கள் பெயர் பொன்னெழுத்தில்,
கதவில் பூட்டு.

தலைமையாசிரியை புட்டதாயம்மா
பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார்.
கன்னடத்தில்தான் சொன்னார்,
எனக்குள் தமிழாகவே விழுந்தது:
"மோட்டார் கருகி ஏழு மாசம்.
கழுவ ஆளில்லை. பூட்டாமல் என்ன செய்ய?
பகல் சோறு ஆனதும்
ஏழாம் வகுப்புப் பெண்கள் வீட்டுக்கு ஓடுகிறார்கள்.
பாதிப் பேர் திரும்புவதில்லை.
கணக்குப் பாடம் மத்தியானம்தான்."

பிறகு கையெழுத்துப் போட்டார்,
'சிறப்பாகப் பயன்பட்டு வருகிறது' என்ற
வரிக்கு நேர் கீழே.
மை காயட்டும் என்று
ஊதியவள் நான்.

வெளியே வந்தால் பையோடு ஒருத்தி.
பெயர் யல்லவ்வா. வீடு எவ்வளவு தூரம் என்றேன்.
அண்ணாந்து
மெட்ரோ தூண்களை விரலால் எண்ணிவிட்டு
"பதினொன்று" என்றாள்.
நின்று பேச அவளுக்கு நேரமில்லை.

சட்டை ஒன்று முந்நூற்றுப் பத்து,
நானூறு சட்டை, ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம்.
காயில் சுற்ற மூவாயிரத்து எண்ணூறு.
கழுவ வரும் ஒருவருக்கு மாதம் ஆறாயிரம்,
பன்னிரண்டு மாதம்.
கழித்தேன். நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு மிஞ்சியது.
நம்பாமல் மறுபடி கழித்தேன்.
மிஞ்சத்தான் செய்தது.

"கட்டடம்னா கட்டி முடிச்சிடலாம்.
சம்பளம் முடியாதே, வருஷா வருஷம் வந்து நிக்குமே.
அதில் படம் எடுக்க என்ன இருக்கு?"
அவர் கெட்டவரில்லை.
அவருக்கு மேலேயும் ஒரு படிவம் இருக்கிறது,
துடைப்பத்துக்கு அதில் கட்டமில்லை.

"சார், நாம பம்பு கம்பெனி" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே சோதனைக் கூடத்தில்
ஒரு பம்பு தண்ணீரைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி
அதே தொட்டியில்
கொட்டிக்கொண்டே இருந்தது,
காலையிலிருந்து.

"ஒரு வருஷம். இதரச் செலவுகளில் எழுதுங்க."

ஏரி நடை அவரவர் சட்டையில் நடந்தது.
சனிக்கிழமை ஃபிட்டர் ரகமத்துல்லா
கம்பெனி ஜீப்பில், கம்பெனி நேரத்தில் போனார்.
மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு
எனக்குப் போன் செய்தார்:
"நம்ம பம்பு இல்லம்மா இது.
வேற கம்பெனிது."
அரை நிமிஷம் இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியதும்
அவர் பேசவில்லை, நானும்.

ஜூனில் போனேன்.
பூட்டுத் தொங்கிய இடத்தில் துரு வட்டம்.
உள்ளே கெம்பம்மா
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
மாதிரிக்கு வந்த அந்த ஒற்றைச் சட்டையால்.
முதுகில் அச்சடித்த 'மாற்றம் நம்மிடமிருந்து'
பினாயிலில் ஊறி
இன்னும் முழுதாய் அழியாமல்.

அடுத்த மார்ச்சைப் பற்றி
புட்டதாயம்மா கேட்கவில்லை.
நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.
மணி இரண்டேகால்.
ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாக
யல்லவ்வா பின்னக் கணக்குக்குத்
தப்பான விடையைச்
சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.