ஊனி

ஈரச் சாக்கில் சுற்றி
நாற்பது குச்சி வந்தது.
பண்டாரவளை ஸ்டேஷனில் இறக்கி
தலைச்சுமையாய் மேல்மலைக்குக் கொண்டுபோனோம்.
சாக்கில் தொங்கிய தகட்டைத் திருப்பித் திருப்பி
கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம் எழுத்துக்கூட்டினார்:
ஊனி பிளாங்.

"ஊனினாத்தானே ஊனி" என்றாள் செவனம்மா,
ஒன்றை மண்ணில் குத்தியபடி.
அதற்குப் பிறகு பிளாங்கை யாரும் சொல்லவில்லை.

வெள்ளைத் திராட்சையாம்.
தின்ன அல்ல.
பிழிந்து, நொதிக்கவிட்டு, செம்புப் பானையில் காய்ச்சி
பிராந்தி இறக்கவாம்.

அதன் ஊரில் பனி கொட்டும், இலை உதிரும்,
நாலு மாசம் கட்டையாய்த் தூங்கும்.
இங்கே எது அந்தப் பனி?
கார்த்திகையில் விடாத மழை,
மாசியில் மண்டை பிளக்கும் வெயில்,
ஆடியில் தகரம் பறக்கும் கச்சான்.
எதை நம்பித் தூங்குவதென்று தெரியாமல்
நுனி நீட்டிக்கொண்டே இருந்தது.

வெலகெதர துரை சொன்னார்:
தண்ணியை நிறுத்து. இலையை உருவு. கவ்வாத்து வெட்டு.
பனி வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும்.

கவ்வாத்து எனக்குத் தெரியும்.
மரமாக வேண்டிய தேயிலையை
இடுப்புக்குமேல் விடாத கத்தி இது.
ஆனால் ஒரு செடியிடம் பொய் சொன்னது
அதுதான் முதல் தடவை.
பச்சை இலைகளைக் கையாலேயே உருவினேன்,
அரைப் பேருக்கு.

நம்பிவிட்டது.
இருபதாம் நாள்
வெட்டிய வாயெல்லாம் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.

மூன்றாம் வருஷம் குலை:
முழங்கை நீளம், வெளிறிய பச்சை,
வெயிலில் பிடித்தால் உள்ளே விதை தெரியும்.
செவனம்மா ஒன்றைக் கடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.
துரைக்குச் சிரிப்பு. இந்தப் புளிப்புத்தான் சரக்கு,
இனித்தால் பிராந்தி சோடை என்றார்.
எனக்கு விளங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

பிறகு கலால்காரர்கள் ஜீப்பில் வந்து
பானைக்கு அரக்குச் சீல் வைத்தார்கள்.
துரை மனுக்களோடு கொழும்புக்குப் போனவர்தான்.
பீப்பாயில் கிடந்தது வினாகிரியாகிவிட்டது;
இரண்டு போத்தல் ஞானப்பிரகாசம்
ஊறுகாய்க்கு எடுத்துப்போனார்.

இப்போது அது கம்பியைத் தாண்டி
பத்தாம் நம்பர் தேயிலைமேல் ஏறிக் கிடக்கிறது,
ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் பழமுமாய்.
பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்
உப்பும் கொச்சிக்காய்த் தூளும்
கொப்பித்தாளில் மடித்துக் கொண்டுவந்து
உச்சுக்கொட்டித் தின்கிறார்கள்.

பெரட்டுக் கலைந்து
அந்தப் பக்கமாய் மலைக்கு ஏறும்போது
கத்தியை
முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிறேன்.