பத்தொன்பதாம் பக்கம்

டெர்வ்லா ஹானிஃபி தானே தட்டச்சு செய்த
நாற்பத்து மூன்று பக்கங்கள்.
பத்தி எண் பதினான்குக்குப் பிறகு
மறுபடியும் பன்னிரண்டு.
முத்திரை குத்தி வாங்கியவன் நான்.
கார்க் நகர நீதிமன்றத்தில்,
லீ ஆறு வீதிக்கு வந்துவிடும் என்று
கடைக்காரர்கள் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த வாரம்.

மனுவில் எல்லாம் இருந்தது:
ஃபின்டனின் பித்தப்பை,
அதை எடுத்த புதன்கிழமை,
பார்லி சூப்புக்கு அவர் மிளகு கேட்டது,
வார்டு சன்னலில் வந்து நின்ற கடற்புறா.
'என் கணவருக்குப் பொய் சொல்ல வராது'
என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

எந்தக் கடமை, யார் தவறினார்,
தவறாதிருந்தால் பிழைத்திருப்பாரா,
அதைச் சொல்ல இன்னொரு மருத்துவரின் அறிக்கை
இவை மட்டும் இல்லை.
ஊமை கண்ட கனவைப்
பத்தி பிரித்து எழுதிக் கொடு என்கிறது சட்டம்.

ஆஸ்பத்திரி வக்கீல் பதினோரு நிமிடம் பேசினார்.
கெட்ட மனிதரல்ல.
'துயரம்' என்று சொன்ன இரண்டு முறையும்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
'அம்மா, கேட்காத கேள்விக்கு
நான் எப்படிப் பதில் சொல்வது?'
'கேள்வி அதற்குள்தான் எங்கோ இருக்கிறது ஐயா'
என்றார் டெர்வ்லா.

தள்ளுபடி.
செலவுத் தொகை பற்றிப் பிறகு.

மாலையில் கட்டைக் கட்டுமுன் படித்தேன்.
படிப்பது என் வேலையில்லை.
பத்தொன்பதாம் பக்கம்,
'கணவரின் குணம்' என்ற தலைப்பின் கீழ்,
அவர் பொறுமைசாலி என்பதற்கு உதாரணமாக:

இரவு இரண்டு நாற்பதுக்கு
எனக்குச் செய்தி அனுப்பினார்.
'குளிரில் உடம்பு தூக்கிப் போடுகிறது.
மணி அழுத்தியிருக்கிறேன்.
பாவம், அவர்களுக்கும் வேலை அதிகம்.'
மூன்றரைக்கு இன்னொன்று: 'இன்னும் வரவில்லை.'
ஐந்துக்கு ஒரு புள்ளி மட்டும்.
ஆறேகாலுக்கு நர்ஸ் வந்தார்.
இவர் யாரையும் திட்டவில்லை.

இரண்டு முறை படித்தேன்.
புதிதாகத் தொடுக்கலாமா என்று
தேதியை விரல்விட்டு எண்ணினேன்.
கெடு முடிந்து ஐந்து வாரம்.

வக்கீல் இதைப் படித்திருப்பார்.
அவருக்குப் படிப்பதுதானே வேலை.

பச்சை நாடாவால் கட்டினேன்.
முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து
மறுபடி கட்டினேன்.
ஆறு கடைசிவரை வீதிக்கு வரவில்லை.
மறுநாள் காலை
நனையாத மூட்டைகளை
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.