வளையம் தெரியாத வருஷம்

தப்பு ஆரோக்கியராஜின் பேனரில் தொடங்கியது.
மாட்டுவண்டிச் சக்கரம் கணக்காய் வளையம் போட்டு
"சனிக்கோளை நேரில் காண வாரீர், அனுமதி இலவசம்" என்று
தேவனாம்பட்டினம் சாலையில் மூன்று கம்பத்தில் கட்டிவிட்டான்.
இந்த வருஷம் அது நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது,
வளையம் வெறும் கோடு என்று
சொல்லித் தடுத்திருக்க வேண்டியவள் நான்.
கெடிலம் வான்நோக்கர் மன்றம்.
உறுப்பினர் ஒன்பது, செயலாளர் நான்.

கார்த்திகையின் கடைசிச் சனிக்கிழமை.
மழை தின்ற மூன்று வாரத்தில்
மிச்சம் கிடைத்த ஒரே ராத்திரி.
சில்வர் பீச்சின் ஈரமணலில் பெட்டி அமுங்காதிருக்க
மூடிப்போன மெஸ் ஒன்றின் மேசைப்பலகையை அடியில் கொடுத்தோம்.
மோட்டார் ரீவைண்டிங் சம்சுதீன்
ஏழு மாதம் தேய்த்த எட்டங்குல ஆடி
பிவிசி குழாயின் அடியில்
கிணற்றுத் தண்ணீர்போல் கிடந்தது.
ஹைமாஸ்ட் விளக்கை ஒரு மணி நேரம் அணைக்கக் கேட்டு
மாநகராட்சிக்கு நாலு மனு.
அணையவில்லை.
இளவழுதி குடையை விரித்து
வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றான்,
மழையில்லாத வானத்தின் கீழ்.

வரிசை ராட்டினம் வரைக்கும் நீண்டது.
ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
ஏழரை நடக்கிறதென்று இன்னொருவர்
கண்ணை இறுக மூடிக்கொண்டே பார்த்துவிட்டுப் போனார்.
ஒவ்வொரு தலை நிமிர்ந்ததும்
கோள் நழுவியிருக்கும்.
குழாயை ஒரு விரலால் தள்ளித் திரும்பப் பிடிப்பேன்.
"ஓடுதே?"
"நாமதாங்க ஓடுறோம்."

ஒவ்வொரு தலையும் அதே கேள்வியைக் கேட்டது:
வளையம் எங்கே?

மீன்வறுவல் கடை அஞ்சலாட்சி
அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு வந்தாள்.
வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.
பிறகு கையிலிருந்த சில்வர் தட்டால்
குழாயின் வாயை மூடினாள்.
உள்ளே பார்த்தாள். எடுத்தாள். பார்த்தாள்.
மறுபடியும் மூடினாள்.
"படம் ஒட்டலை" என்று
ராட்டினம் வரைக்கும் கேட்கச் சொன்னாள்.
இரண்டு மணி நேரம் நான் பேசி வராத நம்பிக்கை
வரிசைக்கு அப்போது வந்தது.

"எலுமிச்சம்பழத்துல ஊசி குத்தினாப்ல இருக்கு.
பேனர்ல இருந்த வளையம்?"
அவள் தட்டையே வாங்கி
அவள் கண்ணுக்கு நேரே விளிம்பாய்ப் பிடித்தேன்.
வட்டம் கோடானது.
"அப்ப இருக்கு."
"இருக்கு. இப்ப தெரியாது."
"அடகுல இருக்குன்னு சொல்லு."

சிரித்தோம். அவளும்தான்.
தட்டைத் திருப்பி வாங்கிய கையில்
கண்ணாடி வளையல்கூட இல்லை,
எண்ணெய் தெறித்த தழும்புகள் மட்டும்.
நானும் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.
கூட்டுறவு வங்கி ரசீது
பீரோவில், டெலஸ்கோப் செலவுக் கணக்கோடு
ஒரே கவரில் இருக்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று
நோட்டில் எழுதி முடிக்கும்போது
ஒன்பதரைக்கு மேகம் வந்தது.
பெட்டியை லோடு ஆட்டோவில் ஏற்றும் நேரம்
பேப்பரில் சுற்றிய மிச்ச மீனை நீட்டினாள்.
"அது எப்ப மீட்கும்?"
"ரெண்டு வருஷத்துல நல்லாத் தெரியும்."
"வட்டி கட்டிடுமா அதுக்குள்ள?"
எனக்குத் தெரியவில்லை.

கெடிலம் பாலத்தில் ஆட்டோ குலுங்கியது.
வீட்டுக்கு வந்து கண்வில்லைகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்.
ஒன்றின் ஓரத்தில்
எண்ணெயில் பதிந்த கட்டைவிரல்,
வரிக்குள் வரியாக, முழு வட்டமாக.
அதை நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று
மூடி போட்டு வைத்தேன்.