அரை மாத்திரை

கத்தி வைத்தால் பொடியாகிறது.
கருணாம்பிகை நகத்தால் கோடு பார்த்து
பட்டென்று உடைப்பாள்.
எனக்கு அரை. மீதி நாளைக்கு.

கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று
பட்டர்வொர்த் பள்ளியில் இருபது வருடம் சொன்னவன் நான்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
ஏன் அரை என்று ஒரு பையனும் கேட்டதில்லை.

அன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில்
நெடில் எழுதக் கை தூக்கினேன்.
நெஞ்சு
குறில்குறில்குறிலாக ஓடியது.
நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து என்றார்கள் பிறகு.
வெண்கட்டி உடைந்த சத்தம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கும் ஃபௌசியா விரல் மடக்கிச் சொன்னாள்:
வெயில் ஆகாது.
இருமல் வந்தால் உடனே வாங்க.
தைராய்டுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம்.
பம்ப்ளிமாஸ் கூடவே கூடாது.

பம்ப்ளிமாஸா?
பக்கத்து வீட்டு மிஸஸ் கூய்
சீனப் பெருநாள் தவறாமல்
சிவப்பு ரிப்பன் கட்டி இரண்டு கொடுப்பாள்.
இந்த வருடமும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.
உன் பழம் என் மருந்தை ரத்தத்தில் தேக்கிவிடும் என்பதை
எனக்குத் தெரிந்த பத்து வார்த்தை ஹொக்கியனில்
எப்படிச் சொல்ல?

உரித்தாள் கருணாம்பிகை. வீடெல்லாம் வாசம்.
ஜன்னலைப் பார்த்தபடி நின்று
திருடியதைப் போலத் தின்றாள்.

ராத்திரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.
உள்ளே ஒரு நெடில்.
பிறகு
இன்னொன்று.

"மிஸஸ் கூய் கேட்டால்
நல்ல இனிப்பு என்று சொல்லுங்க" என்றாள்.