பம்ப்ளிமாஸ் மரத்துக் கணக்கு

யாங்கோன் பேருந்தில் வந்திறங்கிய சடையப்பன்
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:
"உங்க மரத்துல வலம்புரி இருக்காமே?"

கடலில் லட்சத்தில் ஒன்று என்பார்கள்.
வீட்டில் இருந்தால் கடன் வாசலோடு திரும்புமாம்.
என் மரமோ தையல் கடைக்குப் பின்னால்,
சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவில்.
காய்ப்பதில் பாதி புளிப்பு.

மோல்மீனின் ஆடி மழை
மேலிருந்து மட்டும் பெய்வதில்லை.
மாசியில் பட்டையோடு வாயை ஒட்டிக்கொண்டு
மரத்தின் மருவாய்த் தூங்கியவை எல்லாம்
இப்போது பாசி மேய்ந்துகொண்டிருந்தன.
கட்டைவிரல் நீளம். எலுமிச்சைத் தோல் நிறம்.

ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்.
வாய் வலப்பக்கம்.
அவர் முகத்தில் ஒரு கடை திறந்தது.

நுனி மேலாகத் திருப்பி வைத்தேன்.
வாய் இடப்பக்கம்.

"எது நேர்?"
தெரியாது. நத்தை நுனியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு
அதன் பாட்டுக்குப் போகும்.

ஓட்டில் நகப்பூச்சுப் பொட்டு வைத்து எண்ணியிருக்கிறேன்:
ஒரு சுழி பத்தொன்பது, மறு சுழி இருபத்திரண்டு,
ஒரே மரத்தில்.
பர்ஸை மூடினார்.

எனக்கு இடக்கை.
கத்தரிக்கோல் என் கையில் துணியை வெட்டாது, மெல்லும்.
மொய்ப் பணம் நீட்டிப் பலமுறை
மணவறை முன்னால் கை மாற்றியிருக்கிறேன்.
அதனால்தானோ என்னவோ
இரவில் டார்ச்சோடு போய் நிற்பேன்.

வேறு நத்தைகளில் சுழி மாறிப் பிறந்தது
துணை கிடைக்காமல் கிழடாகும் என்கிறார்கள்.
இங்கே மாறியதும் மாறியதும்தான்
கழுத்து பின்னி விடியும்வரை கிடக்கின்றன.
ஆணும் பெண்ணும் ஒன்றிலேயே. இரண்டுமே தாய்.
பிறகு ஓர் இலையை மடித்து
ஊசியில்லாமல், நூலில்லாமல்,
எச்சிலால் ஒரு பை.
உள்ளே ஜவ்வரிசியாய் முட்டைகள்.
இருபது வருடத் தொழில்காரி சொல்கிறேன்,
அந்த ஓரமடிப்பு எனக்கு வராது.

குஞ்சு எந்தப் பக்கம் சுழலும்?
தாயின் ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்.
தாய்க்குள் எழுதியிருக்கும், தாய்க்கே தெரியாமல்.

கடைசிப் பேருந்து போய்விட்டது.
சடையப்பன் பம்ப்ளிமாஸ் சுளை ஒன்றைத் தின்று
முகம் சுளித்தார். இன்னொன்று கேட்டார்.
மழை சற்றே விட்டபோது
"அந்த இலைய இன்னொரு தரம் காட்டுங்க" என்றார்.

டார்ச் என் கையில்தான் இருந்தது.
எந்தக் கை என்று அவர் பார்க்கவில்லை.