வண்டியின் அடிவயிறு

உயுனியில் காலை பத்து மணி.
காய்ந்த உப்பின்மேல் செவேரோ கோல்கே குப்புறப் படுக்கிறார்,
முழங்கைக்கு அடியில் காரின் மிதியடி.
வால் உடைந்த பச்சை டைனோசரை
லென்சுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துகிறார்.
அறுபதடி தள்ளி
லியோன் நகரத்துப் பல் மருத்துவரும் மனைவியும்
அலறி ஓடுவதாக நடிக்கிறார்கள்.
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.
பயம் போதாது."
இதை ஆறு மொழியில் சொல்வார்.
ஏழாவது மொழியில் 'குதி' மட்டும் தெரியும்.

அப்புறம் சிப்ஸ் டப்பாவிலிருந்து
ஒவ்வொருவராக வெளியே வருவது.
அப்புறம் புருஷனை உள்ளங்கையில் வைத்து ஊதிவிடுவது.
பதினோரு வருடம் இதே படுக்கை.
உலகம் முழுக்க எத்தனை ஃபோனில்
நீங்கள் எடுத்த படம் இருக்கும் என்று கேட்டேன்.
கோக்கா இலையைக் கன்னம் மாற்றிக்கொண்டார்.
ஒன்றிலும் அவர் இல்லை.
பொய். ஒன்றில் உண்டு:
யாரோ ஒருத்தியின் கறுப்புக் கண்ணாடிக்குள்
தரையில் கிடக்கும் புழு அளவுக்கு.

நான் வந்தது ஒரு வங்கியின் நாட்காட்டிக்கு.
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு தேசம்.
நார்வேக்கு ஜனவரி, செரங்கெட்டிக்கு மே,
பொலிவியாவுக்கு நவம்பர்.
மனிதர் வேண்டாம் என்று
ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

லகூனா கொலோராதாவில் மூன்று நாள் காற்று.
மூக்கில் ரத்தம்.
முக்காலியில் கல்மூட்டை கட்டித் தொங்கவிட்டும் நடுங்கியது.
பூநாரைகள் தலைகீழாக மேய்ந்துகொண்டிருந்தன
எனக்குப் பின்புறம் காட்டி,
என்னை அனுப்பியது யார் என்று தெரிந்த மாதிரி.
ஏரி சிவக்கும் என்றார்கள்.
சிவக்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம்
உப்பின்மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர்.
மேலே ஒரு வானம், பூட்ஸுக்குக் கீழே ஒன்று.
"நில்லுங்கள், உங்களை ஒன்று எடுக்கிறேன்" என்றேன்
பேசிய கூலிக்கு மேல் தருகிறவனின் குரலில்.
அவர் பின்கதவைத் திறந்து ஜாக்கியை எடுத்தார்.
"என்னை எதற்கு?
இதன் அடியை எடு."

மச்சான் வெல்டராம். ஊருக்குள் பட்டறையாம்.
சொன்னால் நம்புவதில்லையாம்.
"என் ஃபோனில் எடுத்தால் எல்லாம் கறுப்பு.
உன்னுடையதுதான் பெரிதாக இருக்கிறதே."

மல்லாந்தேன்.
முதுகு வழியாக உப்பு உள்ளே வந்தது.
செவேரோ டார்ச்சைப் பிடித்தார்.
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."

அங்கே இருந்தது
நான் மூன்று நாள் தேடிய சிவப்பு.
சேஸிஸ் செதில்செதிலாக உரிந்து
மேலே மேலே அடுக்கிய மலைத்தொடர்,
நடுவே ஆறு வெட்டியதுபோல் ஒரு விரிசல்,
வில்பட்டைகளின் இடுக்கில்
வெள்ளையாய்த் தொங்கும் உப்புப் பற்கள்,
ஓர் ஓட்டை, அதன் வழியே சீட்டின் மஞ்சள் நுரை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த உப்பு யாரையும் நினைப்பதில்லை.
சோறும் போடுகிறது,
சக்கரத்தையும் தின்கிறது.

நாற்பது படம் எடுத்தேன்.
நவம்பருக்கு வங்கி எடுத்துக்கொண்டது
பூநாரைகளின் பின்புறத்தை.
வானத்தில் பாதியை வெட்டிவிட்டு
அங்கே வட்டி விகிதம் அச்சடித்திருந்தது.

ஆனால் அன்று இரவே, கோல்ச்சானி ஓட்டலில்,
மச்சானிடமிருந்து குரல் பதிவு வந்தது:
எண்ணூறு பொலிவியானோ, வியாழக்கிழமை கொண்டு வா.
செவேரோ அதை இரண்டு தடவை கேட்டார்.
பிறகு என் படத்தைப் பெரிதாக்கினார்,
இன்னும் பெரிதாக்கினார்.
என் படத்தின் மூலைமுடுக்கெல்லாம்
இப்படி ஒருவர் போய்ப் பார்த்ததில்லை.
ஒரு போல்ட்டின்மேல் நகத்தை வைத்தார்.
"இது நன்றாகத்தான் இருக்கிறது.
இதை அவன் பார்க்கவில்லை.
அறுநூறு."